ஊக்குக்கு என்ன அர்த்தம்

என் மனைவி ரேஷ்மிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் பதினொரு வருஷமாகக் கதை எழுதிக்கொண்டிருந்தேன்.

பேசுவாள். என்னைவிட வேகமாகப் பேசுவாள். இந்த மலையாள ஊரில், கரமனையில் பிறந்து கரமனையிலேயே வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், இப்போது அரசாங்க ஆபீஸில் மலையாளத்தில் ஃபைல். தமிழ் எழுத்தில் அவளுக்குத் தெரிந்தது தென்காசி பஸ்ஸின் போர்டு ஒன்றுதான். அதுவும் படித்துத் தெரிந்ததில்லை, வடிவத்தைப் பார்த்துத் தெரிந்தது. எங்கள் பையன் சாய்க்கு அந்த போர்டும் தெரியாது. நான் ஒருவன்தான் தென்காசியில் ப்ளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு, சாலைக் கடைவீதியில் ஒரு தூரத்து மாமாவின் எலக்ட்ரிக்கல் கடைக்கு வந்து சேர்ந்தவன். இப்போது கடை என்னுடையது.

ஆகவே எங்கள் வீட்டில் நான் எதை வேண்டுமானாலும் எழுதிச் சாப்பாட்டு மேஜையில் திறந்து போட்டுவிட்டுப் போகலாம். மச்சினன் கைலாஷின் கஞ்சத்தனம், பக்கத்து வீட்டுச் சண்டை, ஆபீஸ் பதவி உயர்வுக்காக ரேஷ்மி கோயிலில் நேர்ந்துகொண்ட நேர்ச்சை எல்லாம் கதையாகிவிட்டது. பெயரை மாற்றுவேன், ஊரை மாற்றுவேன், அவ்வளவுதான். ரேஷ்மி வெள்ளிக்கிழமைதோறும் ஷோகேஸைத் துடைக்கும்போது என் இரண்டு புத்தகங்களையும் எடுத்துத் துடைத்து வைப்பாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், “இது அவங்க எழுதினதாக்கும்” என்று காட்டுவாள். யாராவது அவளிடம் கதை எப்படி என்று கேட்டால், “நல்லதுன்னு எல்லாரும் பறயறாங்க” என்பாள். எனக்கு அது மிகவும் சௌகரியமாக இருந்தது.

இரண்டாவது புத்தகத்தில் ‘பள்ளிக்கூட வாசல்’ என்று ஒரு கதை. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரசாங்க வேலைக்கான பி.எஸ்.சி. பரிட்சை நடக்கும் சனிக்கிழமை மத்தியானம் இந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூட வாசலைப் பார்த்தாலும் ஆண்கள் கூட்டம் ஒன்று நிற்கும். எல்லார் தோளிலும் பெண்கள் கைப்பை, சிலர் இடுப்பில் குழந்தை. உள்ளே ஹால் டிக்கெட்டும் அடையாள அட்டையும் பேனாவும்தான் கொண்டுபோகலாம். பையும் போனும் வாட்சும் கணவன்மார் கையில். பதினாலு வருஷத்துக்கு முன்னால் நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். ரேஷ்மி நாலாவது வருஷமாகப் பரிட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா தளவாய் மாமா பாறசாலையில் ஒரு ஆஸ்பத்திரியில் மூச்சுமுட்டல் என்று மூன்று நாளாகப் படுத்திருந்தார். வியாழக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். திங்கட்கிழமை வீட்டுக்கு விட்டுவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒன்றேகாலுக்கு ரேஷ்மி என்னிடம் பையைக் கொடுத்துவிட்டு வரிசையில் போய் நின்றாள். எனக்கும் அவளுக்கும் நடுவே பத்தடி இருக்கும். பைக்குள் போன் அடித்தது. எடுத்தேன். மாமா. அவரே பேசினார். ரேஷ்மியைப் பார்க்க வேண்டும் என்றார். நான் அவளைக் கூப்பிடவில்லை. வரிசை நகர்ந்து அவள் உள்ளே போனாள். இரண்டே முக்காலுக்குக் கைலாஷ் கூப்பிட்டு, அப்பா போய்விட்டார் என்றான். பரிட்சை முடிந்து அவள் மூன்றேகாலுக்கு வெளியே வந்ததும் அந்தச் செய்தியை மட்டும் சொன்னேன். முதல் அழைப்பை அதற்கு முன்பே போனிலிருந்து அழித்துவிட்டேன். மாமா போன் பண்ணும்போது கைலாஷ் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். அதனால் அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

வாடகை வண்டி பிடித்திருந்தால் பாறசாலைக்கு ஒரு மணி நேரம். அவளுக்கு அப்பாவோடு கால் மணி நேரமாவது கிடைத்திருக்கும். அவள் அந்தப் பரிட்சையில் தேறினாள். அந்த வேலையில்தான் இன்றைக்கும் இருக்கிறாள். அவள் நல்லதுக்காகத்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் நெஞ்சு அடங்கவில்லை. எட்டு வருஷம் கழித்து அதைக் கதையாக எழுதினேன். பாவ மன்னிப்புக் கேட்க ஆளில்லாதவன் பத்திரிகைக்கு அனுப்புகிறான். ஊரை மதுரையாக்கினேன், பி.எஸ்.சி.யை வங்கிப் பரிட்சையாக்கினேன், மனைவிக்குப் பூமாரி என்று பெயர் வைத்தேன், அப்பாவை அம்மாவாக்கினேன். யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நம்பினேன்.

போன மாதம் எங்கள் வாசகர் வட்டத்து அனந்தபத்மநாபன் சார் கூப்பிட்டார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். கூட்டத்தை நிமிஷக் கணக்கில் நடத்துகிறவர். “லிங்கம், இந்த மாசம் உம்ம கதைதான். ‘பள்ளிக்கூட வாசல்: கருவும் குறியீடும்’. சபீனான்னு ஒரு பொண்ணு, கடையநல்லூர்க்காரி, இங்கே தமிழில் ஆராய்ச்சி பண்ணுறா. பேசுறது அவதான். நாலு மணிக்கு ஆரம்பம்” என்றார்.

குற்றாலலிங்கம் என்ற பெயரில் ஒரு கதாசிரியன் இருக்கிறான் என்று இந்த ஊருக்குத் தெரிந்ததே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் இரண்டு நாள். மூன்றாம் நாள் என் போட்டோ போட்ட அழைப்பிதழ் வாட்ஸப்பில் சுற்றி, ரேஷ்மியின் ஆபீஸில் அனூப் என்கிற பையன் வரை போய்ச் சேர்ந்தது. அவள் வீட்டுக்கு வந்ததும் பையை வைக்காமலேயே சொன்னாள். “ஞாயித்துக்கிழமை நானும் வரேன், கேட்டோ.”

“நீ எதுக்கு? ரெண்டு மணி நேரம் ஒண்ணும் புரியாது. போரடிக்கும்.”

“எனக்குத் தமிழ் வாயிக்கத்தானே தெரியாது? காது இருக்கு அல்லே?”

பதினொரு வருஷம் எழுத்தை மட்டும் நினைத்துக்கொண்டு காதை மறந்தே போயிருக்கிறேன்.

அன்று மாலையே கடையிலிருந்து சபீனாவுக்குப் போன் பண்ணினேன். வேறு கதை எதையாவது எடுத்துக்கொள்ள முடியுமா, முதல் புத்தகத்தில் இதைவிட நல்ல கதைகள் இருக்கின்றன என்றேன்.

“இல்ல சார், பன்னிரண்டு பக்கம் எழுதிட்டேன். என் ஆய்வேட்டுல இது ஒரு அத்தியாயம். கைடும் வராங்க. நீங்க பயப்படாதீங்க சார், நல்லாத்தான் சொல்லியிருக்கேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ரேஷ்மி பட்டுப் புடவை கட்டிக்கொண்டாள். ஸ்ரீவராகத்தில் ஒரு கடையில் முப்பது பருப்பு வடை சொல்லிவைத்திருந்தாள், வருகிறவர்களுக்குக் கொடுக்க. அவ்வளவு பெருமை அவளுக்கு. வீட்டிலேயே, அந்த நிமிஷமே, உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். வடைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். கோழைக்கு எப்போதும் கையில் ஒரு வேலை இருக்கும்.

கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையின் மாடிதான் எங்கள் கூட்ட அரங்கு. பதினேழு பேர் வந்திருந்தார்கள். எங்களுக்கு அது பெரிய கூட்டம். ரேஷ்மி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். என்னை மேஜைக்குப் பின்னால், அவளுக்கு நேர் எதிரே உட்கார வைத்தார்கள்.

சபீனா எழுந்தாள். இருபத்தாறு வயது இருக்கும், மெலிந்த பெண், குரல் மட்டும் கணீரென்று. முதலில் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். மதுரை, வங்கிப் பரிட்சை, பூமாரி, சாகக் கிடக்கும் அம்மா, வாசலில் பையோடு நிற்கும் கணவன். ரேஷ்மி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். “பாவம்” என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பூமாரியைத்தான் சொன்னாள். நான் கொஞ்சம் மூச்சு விட்டேன். இதோடு போய்விடும் என்று தோன்றியது.

பிறகு சபீனா குறியீட்டுக்கு வந்தாள்.

“இந்தக் கதையின் மையக் குறியீடு பைதான். அது வெறும் பை அல்ல. ஜிப் உடைந்த தவிட்டு நிறப் பை. ஜிப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய ஊக்கு. கதையில் ஊக்கு நான்கு முறை வருகிறது. இந்த ஊக்குக்கு என்ன அர்த்தம்? ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை மூடிக் காக்க வேண்டியது உடைந்துவிட்டது. இப்போது அதைக் காப்பது யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய ஒரு ஊக்கு. அவன் போனை எடுக்கத் திறக்கும்போது அது அவன் கட்டைவிரலில் குத்துகிறது, ரத்தம் வருகிறது. மூடும்போது குத்துவதில்லை. அவன் மனசாட்சி அதற்குள் பழகிவிட்டது என்று இதை வாசிக்கலாம்.”

எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். ரேஷ்மி தலையாட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

“அடுத்தது, அவள் கழற்றிக் கொடுத்த வாட்ச். பழுப்பு வார், அறுந்து சிவப்பு நூலால் தைக்கப்பட்டது. காலம் அறுந்து தைக்கப்பட்டிருக்கிறது. சிவப்பு, ரத்த உறவு.”

அந்த வாரைச் சாலைக் கடைவீதியில் ஒரு செருப்புக் கடைக்காரர் தைத்தார். கறுப்பு நூல் இல்லை, சிவப்புதான் இருந்தது. ரேஷ்மியே அதை வாங்கிக்கொண்டு வந்தாள். பெரிய விஷயங்களையெல்லாம் கவனமாக மாற்றியவன், சின்ன விஷயங்களையெல்லாம் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள் சின்ன விஷயத்தைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள்.

ரேஷ்மி என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த என் வலது கையைப் பார்த்தாள். அன்றைக்குச் சாயங்காலம் பாறசாலையில், அத்தனை அழுகைக்கு நடுவிலும், கையில் என்ன ரத்தம் என்று கேட்டிருந்தாள். சில்லறை எடுக்கும்போது ஊக்கு குத்திவிட்டது என்று சொல்லியிருந்தேன். கையை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டேன். அதைச் செய்திருக்கக் கூடாது.

சபீனா ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினாள். “கதையின் கரு தியாகம் என்று இதுவரை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மனைவியின் எதிர்காலத்துக்காகக் கணவன் ஒரு பாரத்தைச் சுமக்கிறான் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. போனை வைத்ததும் அவன் எதிர்க் கடைக்குப் போய் டீ குடிக்கிறான். பழம்பொரி தின்கிறான். மதுரையில் வாழைப்பழ பஜ்ஜிக்குப் பழம்பொரி என்று எப்படிப் பெயர் வந்தது என்று கேட்கலாம், கதாசிரியரின் ஊர் அங்கே எட்டிப் பார்க்கிறது.” கூட்டம் சிரித்தது. “ஆனால் முக்கியம் அதுவல்ல. அவன் இரண்டாவது பழம்பொரியும் கேட்கிறான். துக்கத்தில் இருக்கிறவன் இரண்டாவது கேட்க மாட்டான். அவனுக்கு நிம்மதி. இன்னொரு வருஷம் அந்த வீட்டில் அந்தப் படிப்பு தொடர்வதை அவனால் தாங்க முடியாது. ராத்திரி விளக்கு, ஆறிய சோறு, அவன் துவைக்கும் துணி. அவன் மறைத்தது அவளுக்காக அல்ல, தனக்காக. கதாசிரியர் இதைத் தெரிந்து எழுதினாரா தெரியாமல் எழுதினாரா என்பது வேறு கேள்வி.”

தெரியாமல்தான் எழுதினேன். இரண்டு பழம்பொரி தின்றேன், ஆகவே இரண்டு என்று எழுதினேன். அந்தப் பெண் பிரித்துப் போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவள் சொன்னது முழுக்க உண்மை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கைதட்டினார்கள். அனந்தபத்மநாபன் சார் வாட்சைப் பார்த்துவிட்டு, “கேள்விகள். பத்து நிமிஷம்” என்றார். வழக்கமாகக் கேட்கிற இரண்டு பேர் வழக்கமானதைக் கேட்டார்கள். பிறகு ரேஷ்மி எழுந்து நின்றாள்.

“எனக்கொரு சம்சயம்” என்றாள் சபீனாவிடம். “அந்த அம்மா போன் பண்ணினாங்கன்னு சொன்னீங்க. போன்ல என்ன சொன்னாங்க?”

சபீனாவுக்குச் சந்தோஷம். “நல்ல கேள்வி மேடம். கதையில அது இல்ல. மகளைப் பார்க்கணும்னு சொன்னதா மட்டும் வரும். அவங்க சொன்ன வார்த்தை வராது. அந்த மௌனமே ஒரு குறியீடுன்னு பத்தாம் பக்கத்துல—”

“அது வேண்டாம் மோளே. என்ன சொன்னாங்கன்னுதான் எனக்குத் தெரியணும்.” என் பக்கம் திரும்பினாள். “எழுதினவங்களுக்குத் தெரியும் அல்லே?”

பதினேழு பேரும் என்னைப் பார்த்தார்கள். கதாசிரியன் ஏதோ ஆழமாகச் சொல்லப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு ஒரு பொய் தயாராக இருந்தது. ‘அவகிட்ட இப்ப சொல்ல வேண்டாம், பரிட்சையை எழுதட்டும்’ என்று மாமாவே சொன்னதாகச் சொல்லிவிடலாம். மாமா சொல்லக்கூடிய வார்த்தைதான் அது. ரேஷ்மி நம்புவாள், நான் தப்பிப்பேன், அவளுக்கும் ஆறுதல். கதை கட்டுவது என் தொழில். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

“முதல்ல உன் பேரைச் சொன்னாரு” என்றேன். “‘ரேஷ்மி இருக்காளா’ன்னு கேட்டாரு. பரிட்சைக்கு நிக்கா மாமான்னேன். ‘எனக்குத் தீரெ வய்யா மாப்ளே, ஒண்ணும் முடியல்ல, அவளைக் கொஞ்சம் பார்க்கணும்’னாரு. நான் பேசாம இருந்தேன். ‘பரிட்சை எப்ப முடியும்’னு கேட்டாரு. மூணேகாலுக்குன்னேன்.”

“பின்னே?”

“‘சரி. நான் இருக்கேன்’னாரு. போனை வச்சுட்டாரு.”

அம்மா எப்போது அப்பாவானார், பூமாரி எப்போது ரேஷ்மியானாள் என்று கூட்டத்துக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. சபீனாவுக்கு முதலில் புரிந்தது. கையில் இருந்த தாள்களை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

“மெதுவாச் சொன்னாரா?” என்று ரேஷ்மி கேட்டாள்.

“மெதுவாத்தான்.”

அவள் தலையை அசைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள். சபீனாவின் அருகில் போய், “நீ நல்லா வாயிச்சே, மோளே. வடை இருக்கு, எல்லாருக்கும் கொடு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போய்ப் பிடித்தேன். “ரேஷ்மி, அன்னைக்குச் சொல்லியிருந்தா உன் நாலு வருஷப் படிப்பு—”

“பி.எஸ்.சி. பின்னேயும் வரும்” என்றாள். குரல் உயரவில்லை. “நான் பின்னே ஒண்ணு எழுதியிருப்பேன். அப்பா மூணேகால் வரைக்கும் எனக்காகப் பிடிச்சு நிக்கப் பார்த்திருக்காரு. முடியல்ல. அவர் கடைசியா எனக்குச் சொன்னது அது. பதினாலு வருஷம் அது என்னோடது. நீங்க வச்சிருந்தீங்க.”

மன்னித்துவிடு என்று சொன்னேன். அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதோ இல்லையோ. கரமனை பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. பட்டுப் புடவையோடு தம்பானூர் பக்கம் நடந்து, பாறசாலை வண்டியில் ஏறித் தம்பி கைலாஷ் வீட்டுக்குப் போய்விட்டாள். ஏறும்போது, எப்போது வருவாய் என்று கேட்டேன். தெரியல்ல என்றாள்.

இன்றைக்குப் பத்து நாளாகிறது. அங்கிருந்தே ரயிலில் ஆபீஸுக்குப் போய் வருகிறாள் என்று கைலாஷ் சொன்னான். என்னிடம் அதற்கு மேல் பேச அவனுக்கு விருப்பமில்லை. கோயம்புத்தூரில் படிக்கிற சாய் தினமும் அம்மாவிடம் பேசுகிறான். என்னிடம் சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்கிறான். வீட்டில் ஒரு ஆளுக்குச் சமைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை, மிஞ்சிப்போகிறது. அவள் இல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நாலு நாளைக்கு முன் சபீனா கடைக்குப் போன் பண்ணினாள். முதலில் மன்னிப்புக் கேட்டாள். உன்மேல் ஒரு தப்பும் இல்லை, நீ சொன்னதுதான் சரி என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, அன்றைக்கு நான் கூட்டத்தில் சொன்ன, ‘நான் இருக்கேன்’ என்கிற மாமாவின் வாக்கியத்தை ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கதாசிரியர் எழுதாமல் விட்டது என்று ஒரு அடிக்குறிப்பு.

“அது என் வாக்கியம் இல்லம்மா. ரேஷ்மியோடது. அவகிட்டக் கேளு” என்று நம்பரைக் கொடுத்தேன்.

இன்று காலையில் மறுபடி கூப்பிட்டாள். “கேட்டேன் சார். புத்தகத்துல ஒண்ணும் வேண்டாம்னுட்டாங்க. நான் சேர்க்கல.”

“நல்லது.”

“பிறகு, அந்தக் கதையை முழுசா ஒரு தடவை படிச்சுக் காட்ட முடியுமான்னு கேட்டாங்க. நேத்து சாயங்காலம் போன்லயே படிச்சேன் சார். கடைசியில பூமாரி வெளியே வருவா இல்லையா. அம்மா செத்த விஷயத்தைச் சொல்றதுக்கு முந்தி அவன், ‘நல்லா எழுதினியா’ன்னு கேட்பான். அந்த இடம் வந்ததும், ‘ஆமா, அன்னைக்கும் அவங்க அதைத்தான் முதல்ல கேட்டாங்க’ன்னு சொன்னாங்க. போனை வச்சுட்டாங்க.”

கடையில் ஒருவர் சுவிட்ச் போர்டு கேட்டு நின்றுகொண்டிருந்தார். எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கதையில் நானாகக் கற்பனை செய்தது ‘நல்லா எழுதினியா’ என்கிற அந்தக் கடைசி வரி ஒன்றுதான் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.